பினோவின் பத்தாவது கோல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் அவசரப்புத்தியில் பிறந்தது. ரப்பர் வட்டு கோல் கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே நான் ஆட்டத்தாளில் 17 என்று எழுதிவிட்டேன்.

என் பெயர் இர்மா. பகலில் பல் கட்டுகிறேன். ஆட்டம் உள்ள நாட்களில் எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அரங்கில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, கோல் அடித்தவர் யார் என்று எழுதுகிறேன். இரண்டு வேலைக்கும் வருகிற ஆட்கள் ஒரே கூட்டம்தான். 17 என்பது அல்பீன் மிலினார், ஊருக்கு பினோ. முன்கள வீரன், வயது முப்பத்தெட்டு. அவனுடைய முன்பற்கள் நான்கும் என் கைவேலை. இது மூன்றாவது செட்.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. முதலில் இப்படி எழுதினேன்: ‘தாத்ரா மலைகளின் மேல் பனி தூவிக்கொண்டிருந்த காலையில், ஐந்து வயது அல்பீன் தன் முதல் ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு—’

அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் ஐந்து வயதில் ஸ்கேட் மாட்டாதவனைப் பற்றி எழுதினால்தான் செய்தி.

இரண்டாவது தொடக்கம்: ‘பத்தொன்பது வயதில் அமெரிக்கா போனான். பெரிய லீகில் இரண்டு ஆட்டம், மொத்தம் பதினோரு நிமிடம். அந்தப் பதினோரு நிமிடத்தில்—’

அந்தப் பதினோரு நிமிடத்தில் ஒரு மண்ணும் நடக்கவில்லை. நடந்திருந்தால் இந்தக் கதையை என்னைவிடக் கெட்டிக்காரர் யாராவது எழுதியிருப்பார். பிறகு பின்லாந்து, கஜகஸ்தான், பிரான்சில் வாயில் நுழையாத ஒரு மலையூர், செக் நாட்டில் நாலு ஊர். முப்பது வயதில் திரும்பி வந்து எட்டு வருடமாக இங்கே, இரண்டாம் பிரிவில் ஆடுகிறான்.

அவனுக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. எதிரணி கோல்கீப்பரின் மூக்குக்கு நேரே பீரோ மாதிரி நின்றுகொள்வான். மற்றவர்கள் தூரத்திலிருந்து அடிப்பார்கள். வட்டு இவன் முழங்காலிலோ முதுகிலோ பட்டுத் திசை மாறி உள்ளே போகும். கடைசியாக யார்மேல் பட்டதோ அவருக்கே கோல் என்பது விதி. பினோ பிட்டத்தால் அடித்த கோல்களை மட்டும் தொகுத்தாலே தனிப் புத்தகம் போடலாம்.*

* இதை அவனே படித்தான். “பின்பக்கத்துல பட்டது மொத்தமே பதினொண்ணுதான் அத்தை. இஷ்டத்துக்கு அளக்காதீங்க” என்றான். எண்ணி வைத்திருக்கிறான், பாருங்கள்.

3

ஞாயிற்றுக்கிழமை, பருவத்தின் கடைசி ஆட்டம். ஆறுக்கு ஒன்று என்று நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம். இரண்டு நிமிடம் பாக்கி. பாதிப் பேர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியாயிற்று. இந்த நிலையில் ஒரு கோல் விழுந்தால் யாருக்கு என்ன?

பினோவுக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. இலையுதிர் காலத்தில், கிளப் தலைவர் மூன்றாவது கிளாஸ் பிளம் சாராயத்துக்குப் பிறகு எல்லோர் முன்னாலும் அவன் தோளில் தட்டிச் சொன்னார்: “பத்து கோல் அடி, அடுத்த வருஷமும் நீ உண்டு. ஒன்பதுன்னா கைகுலுக்கிட்டு வீட்டுக்குப் போயிடணும், என்ன?” அன்றைக்கு ஒன்பதில் நின்றான்.

ததேயாஷ் அடித்தான். அவன் தடுப்பாட்டக்காரன், நான்காம் எண், இருபத்தொன்பது வயது. ஆறு வருடத்தில் ஒரு கோல்கூடக் கிடையாது. அவன் மட்டையை ஓங்கினாலே பார்வையாளர்கள் கேலியாகத் தலையை மூடிக்கொள்வார்கள். வட்டு பறந்தது, பீரோவைக் கடந்தது, வலைக்குள் விழுந்தது. நான் எழுதிவிட்டேன் என்றேனே. அறிவிப்பாளர் அதைப் படித்தார். கிளம்பியவர்கள் திரும்பி ஓடிவந்தார்கள். தலைவர் மைக்கைப் பிடுங்கி, “அடுத்த வருஷமும் நம்ம பினோ!” என்று கத்தினார். நானும் எழுந்து நின்று கைதட்டினேன், வெட்கங்கெட்டவள்.

எங்கள் அரங்கில் ஒரு வழக்கம் உண்டு. யார்மேல் பட்டது என்று சந்தேகம் வந்தால், எழுதுகிறவர் ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறைக் கதவில் போய் நிற்க வேண்டும். ஆளைக் கூப்பிட்டு, “உன்மேல பட்டுச்சா?” என்று கேட்க வேண்டும். அவன் சொன்னதே தீர்ப்பு. கேமராவை நம்ப முடியாது. இருப்பது ஒன்று; அதுவும் அன்றைக்கு முன்வரிசைக்காரர் ஒருவரின் கம்பளித் தொப்பிக் குஞ்சத்தை மிகத் தெளிவாகப் படம் பிடித்திருந்தது.

நான் கதவுக்குப் போகவில்லை. எனக்குச் சந்தேகமே வரவில்லை. எட்டு வருடமாக அந்த இடத்தில் எது திசை மாறினாலும் 17 என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது.

4

திங்கட்கிழமை காலை பினோ நான் பல் கட்டும் இடத்துக்கு வந்தான்.

“என்னடா, பல்லு ஆடுதா?”

“பல்லெல்லாம் ஜோரா இருக்கு அத்தை. நேத்து நீங்க கதவுக்கு வரவே இல்லையே?”

கையிலிருந்த பல்லைக் கீழே வைத்தேன். “வரணுமா?”

“வேணாம். வராதீங்க, கேக்காதீங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“ஏன்டா?”

“கேட்டா சொல்லிடுவேன். அந்தக் கதவுல நின்னு இதுவரைக்கும் நான் பொய் சொன்னதில்ல.”

“அடப்பாவி! கேக்காதேன்னு சொன்னாலே பதில் சொன்ன மாதிரிதானேடா!”

“இல்ல அத்தை, சத்தியமா. கையுறையில லேசா என்னமோ உரசின மாதிரி இருந்துச்சு. காத்தாவும் இருக்கலாம்.”

“காத்து பேருல கோல் எழுத முடியாது.”

ஆட்டத்தாளைத் திருத்துவதென்றால் புதன் நண்பகலுக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். அது அவனுக்கும் தெரியும். மேசைமேல் இருந்த பிளாஸ்டர் தாடை ஒன்றை எடுத்துத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

“அத்தை, செவ்வாய்க்கிழமை காலைல பத்து மணிக்கு மத்தவங்கல்லாம் என்ன பண்ணுவாங்க?”

“பல்லு கட்டுவாங்க.”

சிரித்தான். “நான் அந்த நேரத்துக்கு எப்பவும் ஐஸ்லதான் இருந்திருக்கேன். முப்பத்தி மூணு வருஷமா. வேற எங்க போய் நிக்கறதுன்னு எனக்குத் தெரியல, அத்தை. பயமா இருக்கு.”

மூக்கைச் சிந்தினேன். பிளாஸ்டர் தூசி என்று சமாளித்தேன்.

5

(இந்த இடத்தில் ஓர் அயோக்கியத்தனம் செய்யப் பார்த்தேன். ததேயாஷை மோசமானவனாக்கிவிட்டால் என் வேலை சுலபமாகிவிடும் அல்லவா? ‘ததேயாஷ் பொறாமை பிடித்தவன். சிறுவயதிலேயே அவன்—’ என்று ஆரம்பித்தேன். செவ்வாய்க்கிழமை அவனே ஆட்டத்தில் வாய்க்குள் மாட்டும் பல் காப்பு செய்துகொள்ள வந்து எல்லாவற்றையும் கெடுத்தான்.)

“அந்தக் கோல் நல்லா இருந்துச்சுல்ல அத்தை?” என்றான்.

“யாரோட கோலு?”

சுவரைப் பார்த்தான். “பினோ அண்ணனோடதுதான். நீங்கதானே எழுதினீங்க.”

“உங்க அம்மா ஆட்டத்துக்கு வந்திருந்தாங்களே, என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. வீட்டுக்குப் போனதும் கிழங்கு மாவு உருட்டி ஹலுஷ்கி போட்டாங்க, ஆட்டுப்பால் சீஸ் தூக்கலா. ரெண்டு தட்டு.” சுவரை விட்டு என் பக்கம் திரும்பினான்: “தோத்தா ஒரு தட்டுதான் வழக்கம்.”

இவனை எப்படி வில்லனாக்குவது, சொல்லுங்கள்.

6

புதன் காலை. கையில் இந்தக் கதைக்குச் சில முடிவுகள் இருந்தன.

முதல் முடிவு: 17 அப்படியே இருக்கட்டும். அடுத்த பருவம் முழுக்க பினோ கண்ணாடித் தடுப்பைக் கடக்கும்போதெல்லாம் என்னைப் பார்க்காமல் போவான். நானும் குனிந்து எதையாவது எழுதுவேன்.

இரண்டாவது: 4 என்று திருத்துகிறேன். தலைவர் வந்து கைகுலுக்குகிறார். ததேயாஷ் தன் வாழ்க்கையின் முதல் கோலை வாங்கிக்கொண்டு, ஐயோ வேண்டாம் என்று அழுதே—

மூன்றாவது: ஆளுக்குப் பாதி.

பினோ பத்து மணிக்கே வந்துவிட்டான், பல் ஈறில் உரசுகிறது என்ற பெயரில். தாள்களை எடுத்துப் படித்தான்.

“மூணாவது நல்லா இருக்கு அத்தை.”

“விதியில இல்லடா.”

“கதையிலயாவது இருந்துட்டுப் போகட்டுமே.”

அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், நான் அங்கேயே உட்கார்ந்து நான்காவது முடிவை எழுதி நீட்டினேன். ஆசிரியர் நான்தானே, எனக்கு எந்தச் சங்கத்தின் அனுமதியும் வேண்டாம். ‘யாரும் எதிர்பாராமல் மறுவாரம் இன்னொரு ஆட்டம் வைத்தார்கள். பினோ தன் சொந்த மட்டையால், ஊரே பார்க்க, சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒரு கோல்—’

படித்துவிட்டு என் பென்சிலை வாங்கினான். குறுக்கே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் எழுதினான்: ‘நான் அடிக்காத கோல் எனக்கு வேண்டாம்.’

எழுதியதைத் தானே ஒருமுறை வாசித்தான். அப்புறம் இன்னொரு முறை. காது மடல் சிவந்தது.

“எட்டு வருஷமா பல்லு கட்டறீங்கன்னு நம்பினேன்” என்றான். “ஆளைக் கட்டிப் போடறீங்க.”

“நான் ஒண்ணும் பண்ணலப்பா. நீயேதான் எழுதின.”

மணி பதினொன்றே முக்கால். அவன் எழுந்து வெளியே போனான். கதவைச் சாத்திக்கொண்டான். உடைமாற்றும் அறையில் நிற்பது போலக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னான்:

“அத்தை. வாங்க. கேளுங்க.”

7

போனேன். கதவைத் திறந்தேன். கேட்டேன்.

ஒரே ஒரு வார்த்தையில் பதில் சொன்னான். அதன்படி ஆட்டத்தாளில் எழுதினேன், பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அனுப்பினேன்.

என்ன சொன்னான் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதக்கூடாது என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கு மனம் வரவில்லை. எப்படியும் தெரிந்தாக வேண்டும் என்றால் நீங்களே எங்கள் ஊருக்கு வாருங்கள். அவன் எதிரில் போய் நின்று, அவன் கண்ணைப் பார்த்து, அந்தக் கேள்வியைக் கேளுங்கள். எனக்கு மூன்று நாள் ஆயிற்று. உங்களுக்கு எத்தனை நாள் ஆகிறது, பார்க்கலாம்.