குடிக்க மாட்டேன் என்றவள்

மலைக்குள் மறுபடியும் தோண்டப் போகிறார்கள் என்றதும் ஊர்க்கூடத்துக்குப் போனேன். எங்கள் ஊரில் ஒரு வீடு மறுத்தாலும் காரியம் நடக்காது. மறுக்கத்தான் போனேன்.

பழைய துத்தநாகச் சுரங்கத்துக்கு அடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டுவார்களாம். நியூட்ரினோ என்ற துகளைப் பார்க்க. துத்தநாகம் எடுத்த காலத்தில் கழிவு ஆற்றில் கலந்தது. அந்தத் தண்ணீரில் விளைந்த அரிசியைத் தின்ற என் அம்மாவுக்கு இருமினாலே விலா எலும்பு முறிந்தது. இப்போது என் வயலுக்கும் மீன்குட்டைக்கும் மலை ஓடைதான் கதி.

ஆராய்ச்சிக்காரி மினெகிஷி ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பாயில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

“அணுவை விடச் சின்னதுங்க. அதுக்கு மேல உடைக்க முடியாது. இப்பக்கூட கோடி கோடியா உங்க உடம்புக்குள்ள பூந்து போய்க்கிட்டிருக்கு.”

“என்னைக் கேக்காமலா?” என்றேன்.

கூடம் சிரித்தது. “உங்களைக் கேட்டுட்டுப் போறதுன்னா அது எந்தக் காலத்துல போய்ச் சேர்றது, தொய்ச்சிரோ அண்ணே!” என்றார் ஊர்த்தலைவர் உஷிமாரு.

“மலையையே துளைச்சுட்டுப் போறதைத் தண்ணி எப்படிப் பிடிக்கும்?” என்று அவளைக் கேட்டேன்.

“பிடிக்காதுங்க. எப்பவோ ஒண்ணு தண்ணியில மோதும். மோதினா துளி வெளிச்சம் வரும். அதைப் பாக்கத்தான் இருட்டும் சுத்தமான தண்ணியும் வேணும்.”

“அவ்வளவு சுத்தமா? அப்ப ஒரு டம்ளர் குடிப்பியா?”

சிரிப்பு நின்றது. அந்தக் காலத்தில் சுரங்கக் கம்பெனி ஆளிடமும் இதையேதான் கேட்டோம். அவன் ஆற்றுத் தண்ணீரை மொண்டு குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். நாங்கள் கை தட்டினோம்.

“குடிக்க மாட்டேங்க,” என்றாள் மினெகிஷி. “மோதுறது நல்லாத் தெரியறதுக்கு ஒரு உலோக உப்பைக் கலப்போம். அது குடிக்கிற தண்ணி இல்ல. உங்க மீனுக்கும் ஆகாது.”

உஷிமாரு தலையில் கை வைத்துக்கொண்டார். “போச்சு! ஒரு வாய் குடிக்கிறேன்னு சொல்லித் தொலைச்சா என்ன, அம்மணி?”

“நீ சும்மா இரு,” என்றேன் அவரிடம். அவளிடம் திரும்பினேன். “கசிஞ்சா?”

“முதல்ல உங்க வாசல்ல வந்து சொல்வேன்.”

“கசிஞ்சப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்? தொட்டியைச் சுத்தி இன்னொரு சுவர் வேணும். ஓடைத் தண்ணிய மாசாமாசம் எங்க கண்ணு முன்னாடி சோதிக்கணும்.”

“சோதனைக்கு இப்பவே சரிங்க. சுவருக்கு மேலிடத்துல கேக்கணும். கிடைக்குமான்னு தெரியாது.”

இந்தத் தெரியாது என்ற சொல்லைக் கம்பெனிக்காரன் வாயிலிருந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை.

துகளை நான் இன்னும் நம்பவில்லை. சுவருக்கு உத்தரவு வரும்வரை மலையில் கடப்பாரை படக் கூடாது என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டு, சம்மதமென்று கையைத் தூக்கினேன்.