சொந்தமும் கழுதையும்

எழுந்தான். பல் விளக்கினான். அடுப்பில் பாலை வைத்து, பொங்கும் முன் அணைத்தான். காப்பியை நின்றபடியே குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டினான். வேலைக்குக் கிளம்ப இன்னும் நேரமிருந்தது. சின்ன அறைக்குள் போனான். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, மேஜை முன் உட்கார்ந்தான். தகர டப்பாவிலிருந்து இடுக்கியால் ஓர் ஈயக் குண்டை எடுத்துத் தராசில் வைத்தான். எண் நிலைக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டான். குறைவு. அடுத்தது கூடுதல். அதற்கடுத்தது மறுபடி குறைவு.

கொஞ்ச நாளாக இதுதான் அவனுடைய காலை.

ஏர் ரைபிளில் போட்டுச் சுடும் குண்டுகள் அவை. மிளகைவிடச் சற்றுப் பெரியவை. தலை தட்டை, இடை ஒடுக்கம், பின்பக்கம் பாவாடைபோல விரிந்திருக்கும். அவன் மனைவி ஊர் கிளப்பில் துப்பாக்கி சுடுபவள். கடையிலிருந்து வரும் குண்டுகளை அப்படியே சுட மாட்டாள். ஒவ்வொன்றாகப் பார்த்து மூன்று டப்பாக்களில் பிரிப்பாள். டப்பாக்களின் மேல் அவள் கையெழுத்தில் மூன்று பெயர்கள்: சொந்தம், பங்காளி, கழுதை. போட்டிக்குச் சொந்தம். பயிற்சிக்குப் பங்காளி. கழுதையை யாராவது கேட்டால் கொடுத்துவிடுவாள்.

அவனுக்கு மருந்துக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு வேலை. பத்து மாத்திரையை எடுத்து எடை போட்டு, அந்தத் தொகுதி முழுவதன் யோக்கியதையையும் சொல்லும் உத்தியோகம். முதல் கல்யாண நாளுக்கு மற்றவர்கள் நகை வாங்கிக் கொடுப்பார்கள். அவன் மில்லிகிராம் காட்டும் தராசு வாங்கிக் கொடுத்தான். அவள் வாய்விட்டுச் சிரித்து, அதை மேஜை நடுவில் வைத்தாள். அன்றிலிருந்து சாயங்காலமானால் அறைக்குள் போய்விடுவாள். கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து ஒரே பதில்தான். “எடை போடுறேன். காத்து பட்டா தராசு ஆடும். சாத்திட்டுப் போங்க.”

அவன் நம்பினான். காற்று பட்டால் தராசு ஆடும் என்பது அவனுக்குத் தெரிந்த விஷயம்தானே.

பித்தப்பையில் கல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. சின்ன ஆபரேஷன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்த அறையை ஒழிக்கலாம் என்று ஒருநாள் உட்கார்ந்தவன், சும்மா ஒரு சொந்தத்தைத் தூக்கித் தராசில் வைத்தான். பிறகு இன்னொன்று. எடை ஒன்றோடொன்று ஒட்டவேயில்லை. கழுதையை எடுத்துப் போட்டான். அங்கேயும் அதே சிதறல். அவன் மட்டும் அந்தத் தொகுதியைப் பரிசோதித்திருந்தால் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டியிருப்பான்.

அப்படியானால் அவள் எடை போடவேயில்லை.

அப்படியானால் கதவைச் சாத்திக்கொண்டு அத்தனை சாயங்காலமும் உள்ளே என்ன செய்தாள்?

சந்தேகம் என்பது செருப்புக்குள் புகுந்த பொடிக்கல் மாதிரி. நடக்க முடியும், ஆனால் வேறு எதையும் நினைக்க முடியாது. அவன் அவளுடைய போனைத் துழாவினான். இழுப்பறைகளைக் கவிழ்த்தான். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததே அவனுக்கு ஒரு தடயமாகப் பட்டது. தன்னோடு கூடத்தில் உட்கார்ந்திருப்பதே அவளுக்குப் பிடிக்கவில்லை என்ற முடிவை மெல்ல மெல்ல நெருங்கினான். அது உறுதியானால் இரண்டு வருஷ வாழ்க்கையும் பொய்.

சனிக்கிழமை மச்சினி வந்தாள். மனைவியின் தங்கை, அவளும் அதே கிளப்பில் சுடுகிறவள்.

“அத்தான், அடுத்த வாரம் செலெக்‌ஷன். அக்காவோட சொந்தம் டப்பாவைக் கொடுங்க.”

“கடையில புதுசு கிடைக்குமே.”

“கிடைக்கும். அது அக்கா பிரிச்சதா இருக்காதே.”

“பிரிச்சா குறி மாறுமா?”

“மாறாமலா இத்தனை வருஷம் பிரிச்சா? நீங்க மாத்திரையே எடை போட்டுப் பழகினவரு, உங்களுக்குச் சொல்லணுமா?”

எடை என்ற சொல்லை அவள் சொன்ன விதம் அவனுக்குச் சரியாகப் படவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னதுபோல இருந்தது. அக்காளும் தங்கையும் ஒரு கூட்டு, தான் வெளியாள் என்று தோன்றியது.

“உக்காரு, எடுத்துட்டு வரேன்” என்று உள்ளே போனான். சொந்தம் டப்பாவைக் காலி செய்துவிட்டு அதில் கழுதைகளைக் கொட்டினான். மூடியைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தான்.

“நாளைக்குப் பயிற்சிக்கு நானும் வரேன்.”

“நீங்களா?” அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “சரி, வாங்க. வீட்டுக்குள்ளயே கிடந்து பூஞ்சை பிடிச்சுப் போயிருக்கீங்க.”

கிளப் என்பது ஒரு பழைய கிடங்கு. ஒரு கோடியில் மேஜைகள், பத்து மீட்டர் தள்ளி மறுகோடியில் வெளிச்சம் போட்ட காகிதக் குறிகள். பயிற்சியாளருக்கு அங்கே மூச்சு சார் என்று பெயர். யார் என்ன கேட்டாலும், “மூச்சு, மூச்சைப் பாரு” என்பார். பஸ் எப்போது வரும் என்று கேட்டாலும் அதையே சொல்வார் என்பது பிள்ளைகளின் கேலி.

மச்சினி தடித்த கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். டப்பாவைத் திறந்தாள். மூடியிலிருந்த அக்காவின் எழுத்தை விரலால் ஒரு தடவை தடவினாள். அவன் சுவரோடு சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு சத்தமும் யாரோ தகரத்தில் சுண்டியதுபோல் இருந்தது. காகிதம் கம்பியில் ஊர்ந்து வந்தது. கறுப்பு வட்டத்தின் நடுவில் ஒரே ஓட்டை. அதற்குள்ளேயே பல குண்டுகள் போயிருந்தன.

“சின்னவளே, இது நீ சுட்டதா, உங்க அக்கா வந்து சுட்டதா?” என்றார் மூச்சு சார்.

“டப்பா அவளோடது சார்!” அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“அது கழுதை” என்றான் அவன்.

“என்னது?”

“நேத்து மாத்திட்டேன். உள்ள இருக்கிறது எல்லாம் கழுதை.”

மச்சினி டப்பாவைப் பார்த்தாள். பிறகு அவனை. முகம் சுருங்கியது. “என்னை வெச்சு பரிசோதனை பண்ணினீங்களா? நான் என்ன உங்க கம்பெனி எலியா?”

“உன்னை இல்ல. உங்க அக்காவை.”

“செத்தவளையா?”

மூச்சு சார் நடுவில் வந்தார். “இதுல சண்டை எதுக்கு? பத்து மீட்டருக்கு நல்ல கம்பெனி குண்டுன்னா பிரிச்சாலும் ஒண்ணுதான், பிரிக்காட்டாலும் ஒண்ணுதான். ரைபிளை அசையாம மேஜையோட பூட்டி ரெண்டையும் சுட்டுக் காட்டினேன். பெரியவளும் நானும் சேர்ந்துதான் பார்த்தோம். ஓட்டையில வித்தியாசமே இல்ல.”

“எப்போ?”

“அது ஆச்சு, உங்க கல்யாணத்துக்கு முன்னாடி.”

“அப்போ அவளுக்குத் தெரியுமா?”

“தெரியுமே. ‘எனக்குத் தெரியும் சார், ஆனாலும் பிரிப்பேன்’னு சொன்னா. பிடிவாதக்காரி.” அவர் வேறு மேஜைக்குப் போய்விட்டார்.

தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது. பயனில்லை என்று தெரிந்தும் அறைக்குள் போயிருக்கிறாள். எடை போடாமலே எடை போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

“சொந்தத்தை நான் எடை போட்டுப் பார்த்தேன்” என்றான். “எதுவும் ஒத்துப்போகல. உங்க அக்கா எங்கிட்ட பொய் சொல்லியிருக்கா. உனக்குத் தெரியும்.”

மச்சினி கோட்டின் பக்கிளை அவிழ்த்தாள். “அக்கா என்னிக்கு அத்தான் எடை போட்டா? கண்ணாடி மேல உருட்டிப் பார்ப்பா. பாவாடை நெளிஞ்சிருந்தா கோணலா ஓடும். அது கழுதை. ஒரே சீரா வட்டமா உருண்டு வந்தா சொந்தம். அவ்வளவுதான். நீங்க ஆசையா தராசு வாங்கிட்டு வந்தீங்க. வேண்டாம்னு சொல்ல மனசு வரல. எங்கிட்டதான் சொல்லிச் சொல்லி சிரிப்பா.”

“உருட்டறதுக்குக் காத்து என்ன பண்ணும்? கதவை எதுக்குச் சாத்தணும்?”

“அதுவா?” அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். “எங்க வீட்டுல கேளுங்க. அஞ்சு பேருக்கு ஒரு பாத்ரூம். இவ சாயங்காலம் உள்ள போனா வரமாட்டா. குளிக்கவும் மாட்டா, சும்மா வாளியைக் கவிழ்த்துப்போட்டு அது மேல உக்காந்திருப்பா. அப்பா வெளியில நின்னு கத்துவாரு, ‘உள்ள குடும்பமே நடத்துறியா’ன்னு. நாள் பூரா எல்லார்கிட்டயும் பேசிட்டு, ஒரு மணி நேரம் யாரும் இல்லாம இருக்கணும் அவளுக்கு. நான் போனாலும் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளுவா. உங்க வீட்டுல அவளுக்குத் தனி ரூமே கிடைச்சுது. ராணி மாதிரி இருந்தா.”

சொல்வது உண்மையா என்று அவன் அவள் முகத்தில் தேடினான். பழக்கதோஷம். அங்கே கோபம் கொஞ்சம் மிச்சமிருந்தது. வேறு ஒன்றும் தென்படவில்லை.

“உங்களைப் பிடிக்காமப் போய் உக்காந்தான்னு நினைச்சீங்களா?”

“ம்.”

“லூசா அத்தான் நீங்க?”

கிடங்கின் இன்னொரு மேஜையில் யாரோ சுட்டார்கள். மறுபடி தகரத்தில் சுண்டிய சத்தம். மச்சினி டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டாள். கழுதையோ என்னவோ, செலெக்‌ஷனுக்கு அதைத்தான் எடுத்துப் போவாள்போல.

“ஒண்ணு கேக்கட்டுமா? ஆபரேஷனுக்குள்ள போறப்ப நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க. ‘உடம்பைப் பத்திரமாப் பார்த்துக்கோங்க’ன்னு உங்ககிட்ட சொல்லிட்டுப் போனாளாம். அம்மா வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லி அழறாங்க. நிஜமா அப்படியா சொன்னா?”

“இல்ல.”

“பின்ன?”

அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படியான பேச்சு அல்ல என்று நினைத்திருந்தான். சந்தேகம் வந்த பிறகு அதையும் பலமுறை திருப்பித் திருப்பிப் பார்த்து, கணவனிடம் பேசும் பேச்சா இது, வேலையாளிடம் சொல்வதுபோல அல்லவா இருக்கிறது என்றுகூட எண்ணியதுண்டு. நர்ஸ் அவள் செருப்பைக் கழற்றி ஒரு பையில் போட்டு அவன் கையில் கொடுத்திருந்தாள். தள்ளுகட்டில் நகர ஆரம்பித்திருந்தது. அவள் தலையைத் தூக்கி அவனைத் தேடிப் பிடித்துச் சொன்னாள்:

“நாளைக்கு வரும்போது அந்தச் செருப்பை மறக்காம எடுத்துட்டு வாங்க. நீங்க பாட்டுக்கு என்னை வெறுங்காலோட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடாதீங்க.”