மாமனார் தைத்த டிக்கி

டயர் வெடித்தபோது பெரிதாகச் சத்தம் வரவில்லை. அடியில் ஒரு மொத்து, அவ்வளவுதான். அதன் பிறகு ஸ்டியரிங் அவன் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓரமாக இழுத்தது. அவன் பிரேக்கை மிதிக்கவில்லை. மிதிக்கக் கூடாது என்று எப்போதோ படித்தது, தலைக்கு மறந்துவிட்டாலும் காலுக்கு நினைவிருந்தது. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகக் குறையட்டும் என்று காத்திருந்தான். வண்டி நொண்டிக்கொண்டே ஓரக் கோட்டைத் தாண்டி, தகரத் தடுப்பை ஒட்டி நின்றது. நாலு இண்டிகேட்டரையும் மினுக்க விட்டான்.

அதுவரை செய்ததெல்லாம் சரி. அதற்கப்புறம் அரை மணி நேரம் அவனும் மாமனாரும் செய்தது வெளியில் சொல்லிக்கொள்ளும்படியாக இல்லை.

முதலில், வண்டிகள் பறக்கிற பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கினான். ஒரு பஸ் அவன் சட்டையை உரசுகிற தூரத்தில் போனது. கதவு காற்றில் ஆடியது. அவன் வண்டியோடு ஒட்டிக்கொண்டே பின்பக்கம் போனான். அதற்குள் மனைவி பத்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தடுப்புப் பக்கமாக இறங்கிவிட்டாள். வண்டிக்கு முன்னால் இருபதடியில், தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மரம் இருந்தது. காலை பதினொரு மணி வெயில். நேரே அந்த நிழலுக்குப் போய் நின்றுகொண்டாள்.

போய்க்கொண்டிருந்தது மச்சினியின் புது வீட்டுக்கு. மதியச் சாப்பாடு அங்கே. மாமனார் அந்த வீட்டு நாற்காலிகளுக்கென்று தைத்த ஆறு மெத்தைகள் பின்சீட்டில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தன. மனிதர் முப்பத்தைந்து வருடமாகக் கார் சீட்டும் சோபாவும் தைப்பவர். எங்கே போய் உட்கார்ந்தாலும் முதலில் சீட்டின் ஓரத் தையலை விரலால் தடவிப் பார்ப்பார், பார்த்துவிட்டு உச்சுக்கொட்டுவார். மகளுக்குப் பிரசவமான ஆஸ்பத்திரியில் டாக்டரின் நாற்காலியைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

"பத்து நிமிஷ வேலை மாப்பிள்ளை. ஸ்டெப்னியை எடுங்க," என்றபடி மாமனாரும் பின்னால் வந்தார்.

அவன் டிக்கியைத் திறந்தான். இரண்டு பேரும் உள்ளே பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரே கம்பளம். பின்சீட்டின் முதுகிலிருந்து டிக்கியின் விளிம்பு வரை ஒரு மடிப்பு இல்லை, ஒட்டு இல்லை. குழந்தை பிறந்த சந்தோஷத்தில் மாமனார் செய்து கொடுத்தது. டிக்கியை ஒரு நாள் திறந்து பார்த்தவர், கோணிப்பை மாதிரி இருக்கிறதே என்று வருத்தப்பட்டு, காரைக் கடைக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்துக்கொண்டார். கொக்கியில் தொங்கிய சிவப்பு முக்கோணத்தையும், பளபளக்கிற மஞ்சள் மேல்சட்டையையும், ஜாக்கியையும் அழகாகத் துடைத்து, ஸ்டெப்னியோடு அடியில் படுக்கவைத்து, மேலே கம்பளத்தை இழுத்து, சுற்றிலும் கையால் தைத்துவிட்டார். குஷன்காரர் கண்ணுக்கு டிக்கி என்பது இன்னொரு சோபா. சோபாவுக்கு அடியில் இருப்பதை யார் எடுக்கப்போகிறார்கள்?

எப்படி இருக்கிறது என்று அன்று கேட்டார். ஸ்டெப்னியை எடுக்க வழி எங்கே என்ற கேள்வி அவன் தொண்டை வரை வந்தது. "சரி மாமா. ரொம்ப நல்லாருக்கு," என்றான். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவரிடம் அவன் வேறு எதுவும் சொன்னதில்லை. அந்த வீட்டில் அவனுக்குப் பெயரே 'சரிமாமா' என்றாகிவிட்டது. வைத்தவள் மச்சினி.

ஆகவே அந்தத் தையலில் அவனுக்கும் பாதிப் பங்கு உண்டு.

"கிழிச்சிடலாம் மாமா," என்றான் இப்போது.

"கிழிக்கிறதா?" மாமனார் சட்டைப்பையிலிருந்து தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்தார். அது இல்லாமல் அவர் கல்யாணத்துக்கும் போகமாட்டார், சாவுக்கும் போகமாட்டார். "ஒரே துண்டு மாப்பிள்ளை. இந்த அகலத்துல இனிமே கிடைக்காது. கொஞ்சம் பொறுங்க, நூல் நூலாப் பிரிச்சுடறேன்."

இடுப்பு வரை டிக்கிக்குள் விட்டுக்கொண்டு, காலைச் சாலையில் ஊன்றி, முதுகை வருகிற வண்டிகளுக்குக் காட்டியபடி வேலையைத் தொடங்கினார். தன் தையல் என்பதால் தன்னாலேயே சுலபமாகப் பிரிக்க முடியவில்லை. அவ்வளவு நெருக்கம். அவன் பக்கத்தில் நின்று டிக்கிக் கதவைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு லாரி போகும்போதும் கார் ஆடியது. அவர் கத்தியை நிறுத்தி, ஆட்டம் நின்றதும் தொடர்ந்தார்.

கால் மணி நேரத்தில் ஒரு சாண் பிரிந்திருந்தது. மரத்தடியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். இன்றைக்கு முடிகிற வேலையாகத் தெரியவில்லை, எதிரே கம்பத்தில் உதவி நம்பர் எழுதியிருக்கிறது, அதற்குப் போன் போட்டால் என்ன என்றாள். அந்தக் கம்பம் அவன் மூக்குக்கு நேராகத்தான் இருந்தது.

போனை எடுத்தவள் ஒரு பெண். டயரைப் பற்றி அவன் சொல்லத் தொடங்கியதை அவள் காதில் வாங்கவில்லை. கம்பத்து எண்ணைக் கேட்டாள். வண்டியில் எத்தனை பேர் என்று கேட்டாள். பிறகு, "நீங்க இப்ப எங்க நிக்கிறீங்க?" என்றாள்.

வண்டிக்குப் பின்னால் என்றான்.

அப்புறம் அவள் நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாரும் இப்போதே தடுப்பைத் தாண்ட வேண்டும். சாமான் எதையும் எடுக்கக் கூடாது. இந்தச் சாலையில் நீங்களாக டயர் மாற்றக் கூடாது. முக்கோணம் வைக்கிறேன் என்று சாலையில் நடக்கவும் கூடாது. ஆள் வர நாற்பது நிமிடம் ஆகும். தடுப்புக்கு அந்தப் பக்கம் போனாலும் வண்டிக்கு முன்னால் நிற்கக் கூடாது. வண்டி வந்த திசையில் நடந்து, தள்ளிப் போய் நிற்க வேண்டும்.

"ஏங்க?" என்றான் அவன், மரத்தடியைப் பார்த்துக்கொண்டே.

"யாராவது வந்து இடிச்சா, உங்க வண்டி முன்னாடிதானே போகும்?"

அவன் மனைவியை நோக்கிக் கையை வேகமாக ஆட்டினான். அவள் நிழலை விட்டு வர மனமில்லாமல் வந்தாள். பின்பு மாமனாரிடம் விஷயத்தைச் சொன்னான். அவர் தலையைத் தூக்கவில்லை.

"பட்டப்பகல் மாப்பிள்ளை. இத்தாம் பெரிய கார் நிக்குது. லைட்டு வேற மினுக்குது. வர்றவன் என்ன குருடனா?"

'சரி மாமா' நாக்கு நுனிக்கு வந்தே விட்டது. அவன் திரும்பி, வண்டிகள் வருகிற வளைவைப் பார்த்தான். கண்ணாடிக் கடையில், இருட்டறையில் உட்கார்ந்து கண் பார்த்து நம்பர் எழுதிக் கொடுக்கிறவன் அவன். தினமும் முப்பது பேர் அவன் நாற்காலிக்கு வருகிறார்கள்.

"மாமா, என் நாற்காலியில உக்கார்றவங்கள்ல பாதிப் பேருக்கு மேலேருந்து அஞ்சாவது வரி தெரியாது. பூச்சி ஊர்ற மாதிரி இருக்கும்பாங்க. நம்பர் எழுதிக் குடுத்தா, அடுத்த மாசம் பாத்துக்கறேன்னு எந்திரிச்சிடுவாங்க. எந்திரிச்சுப் போயி என்ன பண்ணுவாங்க தெரியுமா? சாவியை எடுத்துக்கிட்டு வண்டி ஓட்டிட்டுப் போவாங்க."

கத்தி நின்றது. "நெசமாவா?"

"நேத்து மட்டும் ஆறு பேரு. அந்த வளைவுல இப்ப அவங்கதான் வந்துட்டிருக்காங்க."

மாமனார் யோசித்தார். யோசித்ததைப் போலத்தான் தெரிந்தது. "இன்னும் ஒரு முழந்தான் மாப்பிள்ளை," என்று மறுபடி குனிந்தார்.

பேச்சு வேலைக்கு ஆகாது என்று அவனுக்குப் புரிந்தது. கையைப் பிடித்து இழுத்தால் இரண்டு பேரும் சாலையில் மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும். அவன் குனிந்து, அவர் விரல்களுக்கு நடுவிலிருந்து அந்தச் சின்னக் கத்தியை உருவிக்கொண்டான். முப்பத்தைந்து வருடத்தில் அவர் கையிலிருந்து கருவியை யாரும் பிடுங்கியதில்லை. கடையில் வேலை பார்க்கிறவர்கள் அதைத் தொடுவதற்கே கேட்டுவிட்டுத்தான் தொடுவார்கள். அவர் நிமிர்வதற்குள் அவன் தடுப்பைத் தாண்டிக் குதித்து, மனைவியையும் குழந்தையையும் முன்னால் விட்டுக்கொண்டு, வந்த திசையில் நடக்கத் தொடங்கியிருந்தான்.

"மாப்பிள்ளை, அதைக் குடுங்க."

அவன் திரும்பவில்லை.

பின்னால் தடுப்புத் தகரம் அதிர்கிற சத்தம் கேட்டது. அறுபது வயது மனிதர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் மேல் ஏறிக்கொண்டிருந்தார். இறங்கியதும் புல்லில் தபதபவென்று வந்தார். மரியாதை தெரியாத பிள்ளை என்றார். இவ்வளவு நாள் பூனை மாதிரி இருந்துவிட்டு இன்றைக்குப் புத்தி இப்படிப் போகிறதே என்றார். கத்தி துருப்பிடித்தால் சும்மா விடமாட்டேன் என்றார். மனைவி நடுவில் நடந்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பா கோபமா என்று சொல்ல முடியவில்லை. அவன் மனதுக்குள் அடிகளை எண்ணிக்கொண்டே நடந்தான். அறுபது வந்ததும் நின்று, குழந்தையின் மேல் வெயில் படாமல் மறைத்துக்கொண்டு, கத்தியைக் கைக்குள் மூடிக்கொண்டான்.

"குடுக்கப் போறீங்களா இல்லையா?" என்று மாமனார் கையை நீட்டினார்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

வளைவிலிருந்து ஒரு வெள்ளை வேன் வந்தது. பெரிய வேகம் ஒன்றுமில்லை. யாரும் பதறவில்லை, ஹார்ன் அடிக்கவில்லை. தூக்கத்தில் புரளுகிறவன் போல ஓரக் கோட்டைத் தாண்டி, அவர்களைக் கடந்து, மினுக்கிக்கொண்டிருந்த காரின் முதுகில் போய் இடித்தது. இடிக்கிற வரை பிரேக் சத்தம் வரவில்லை. கார் துள்ளி, தகரத்தை வளைத்துக்கொண்டு முன்னால் ஓடி, அந்த மரத்தில் சாய்ந்து நின்றது. திறந்திருந்த டிக்கி பின்சீட்டு வரை மடிந்துபோயிருந்தது. மெத்தைகளில் ஒன்று சாலையில் கிடந்தது.

குழந்தை ஒரு தடவை திடுக்கிட்டது. பிறகு அம்மாவின் கம்மலை இழுக்கிற வேலையைத் தொடர்ந்தது.

வேனின் கதவு சாலைப் பக்கமாகத் திறப்பதைப் பார்த்து அவன் கத்தினான். அந்தப் பக்கம் இறங்க வேண்டாம், இந்தப் பக்கம் வரச் சொல்லிக் கையைக் காட்டினான். கதவு மூடியது. கொஞ்ச நேரம் கழித்து ஓட்டுநர் மறுபக்கக் கதவு வழியாகத் தவழ்ந்து இறங்கினார். பெல்ட் போட்டிருந்தார், தோளில் அதன் தடம் சிவப்பாகக் கன்றியிருந்தது. வேறு அடியில்லை. தடுப்பைத் தாண்டி வந்தவர் காரையே பார்த்தார்.

"உள்ள யாராச்சும்..." என்றார்.

இல்லை, எல்லாரும் இங்கே இருக்கிறோம் என்று மனைவி சொன்னாள். அதைக் கேட்டதும் அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"நிக்குதுன்னே தெரியலண்ணே. ஓடுதுன்னு நெனச்சுத்தான் பின்னாடியே வந்தேன்."

அவரை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. மாமனார் முந்திக்கொண்டார். ஓட்டுநரின் கையைப் பிடித்துப் புல்லில் உட்காரவைத்து, மகள் தோளில் தொங்கிய குழந்தையின் பால் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கிக் கொடுத்து, மெல்லக் குடிக்கச் சொன்னார். மூச்சு விட்டால் வலிக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டார். ஆள் வருகிற வரை எழுந்திருக்கக் கூடாது என்றார். எல்லாம் செய்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து, காரை நன்றாகப் பார்த்தார்.

"அங்கதானே நின்னேன்," என்றார்.

"ஆமா மாமா."

"குனிஞ்சுக்கிட்டு."

"ஆமா."

அவர் தன் முழங்காலைத் தடவினார். வயிற்றைத் தடவினார். சீட்டைத் தடவிப் பார்க்கிற மாதிரியே தன்னைத் தடவிப் பார்த்துக்கொண்டார். எங்கும் பிரியவில்லை என்று தெரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். மனைவிக்கு அதுதான் தாங்கவில்லை. உட்கார்ந்து அழுதாள், அழுதுகொண்டே இரண்டு பேரையும் திட்டினாள். அரை மணி நேரமாகப் பொறுத்துக்கொண்டிருந்தேன், ஒருத்தருக்குத் துணிதான் உசிரு, இன்னொருத்தருக்கு வாயே கிடையாது, உங்கள் ரெண்டு பேரையும் கட்டிக்கொண்டு நான் மாரடிக்கணுமா என்றாள். மாமனார் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். கார் போனால் போகட்டும், மெத்தை போனால் போகட்டும் என்று சொல்லிப் பார்த்தார். அது யாருக்கு வேண்டும் என்று அதற்கும் திட்டு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அவளும் சிரித்துவிட்டாள். ஓட்டுநர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, இந்தக் குடும்பத்தை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

அவன் மறுபடி அந்த நம்பருக்குப் பேசினான். அதே பெண் எடுத்தாள். நடந்ததைச் சொன்னான். வேன் ஓட்டுநருக்குப் பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று கேட்டாள். ஆம்புலன்சும் போலீசும் வருகிறார்கள், யாரும் வண்டிகள் பக்கம் போக வேண்டாம் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்க கார்ல வந்தவங்க எத்தனை பேரு வெளிய பத்திரமா இருக்கீங்க? எண்ணிப் பாத்துச் சொல்லுங்க," என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்து எண்ணினான். மனைவி. குழந்தை. மாமனார்.

"மூணு பேரு," என்றான்.

"சார், நாலு பேருன்னு சொன்னீங்க." அவள் குரல் மாறி, போனுக்கு வெளியேயும் கேட்டது. "நாலாவது ஆள் எங்க?"

அவன் மறுபடி எண்ணினான். மூன்றுதான் வந்தது. வண்டியில் வேறு யார் வந்தார்கள் என்று நிஜமாகவே யோசித்தான். மாமனார் எழுந்து வந்து போனை அவன் காதிலிருந்து எடுத்தார்.

"நாலாவது ஆளுதாம்மா இவ்ளோ நேரம் உங்ககிட்ட பேசினது," என்றார். "நல்லாத்தான் இருக்காரு. தன்னை எண்ண மறந்துட்டாரு."

அந்தப் பக்கம் அவள் சிரித்தது வெளியே வரை கேட்டது. மாமனார் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவன் தோளில் கையை வைத்து அழுத்தினார். அதற்கப்புறந்தான் அவனுக்கு உட்காரத் தோன்றியது. புல்லில் உட்கார்ந்தான். மனைவி நகர்ந்து வந்து குழந்தையை அவன் மடியில் வைத்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.