மேல்தோலில் இருந்த செம்பு நிறம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு கதை சொல்கிறேன். மருத்துவமனை வரிசையில் என் பக்கத்தில் இருந்த பெண், "நான் எண்ணினது சரிதாங்க, பூத்ததுதான் தப்பு" என்றாள். அதற்குள் அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மீதி நான் கட்டியது.

1

நுண்ணோக்கியின் கீழே அவள் கண்ணாடித் துண்டை… (இப்படித் தொடங்கினால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். அடித்துவிட்டேன்.)

அவளுடைய அண்ணன் வளர்த்த மஞ்சள் சாமந்தியில் ஒரு கிளை மட்டும் செம்பு நிறத்தில் பூத்தது. அதை வெட்டி நட்டுத் தனி வகையாக்கினான். பிறகு அவன் படுக்கையில் விழுந்தான். செடிகளிலும் நோய் விழுந்தது. மிஞ்சியது ஒன்றே ஒன்று.

தங்கைக்குத் திசு வளர்ப்புக் கூடத்தில் வேலை. நோய் தோலில்தான் என்று தண்டைச் சீவிவிட்டு, உள்சதையிலிருந்து கன்றுகள் எடுத்தாள். கன்றுகள் வகை மாறவில்லையே என்று பார்க்க, வேர்நுனியை நசுக்கிக் குரோமோசோம்களை எண்ணினாள். ஐம்பத்து நான்கு. தாய்ச்செடியின் அதே கணக்கு. அதை நம்பி, நோய் பிடித்த தாய்ச்செடியை எரித்தாள்.

2

கன்றுகள் அத்தனையும் மஞ்சளாய்ப் பூத்தன.

"எண்ணிக்கை மாறவே இல்ல அண்ணி!"

"எண்ணிக்கையைத் தலையில வச்சுக்கவா? உங்கண்ணன் பூத்துச்சா பூத்துச்சான்னு உசுரை வாங்குறாரு. நீயே போய்ச் சொல்லு, மகராசி."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. செம்பு நிறம் அவள் சீவி எறிந்த மேல்தோலில் மட்டும் இருந்தது. உள்ளே எப்போதும் மஞ்சள்தான். வேரும் உள்ளிருந்து கிளம்புவது. அதை எண்ணி என்ன கண்டாள்?

(அண்ணியை இவ்வளவு கடுமையாக்கலாமா என்று யோசித்தேன். வருடக்கணக்காய்ப் படுக்கை விரிப்பு மாற்றிய கை. இருந்துவிட்டுப் போகட்டும்.)

3

ஒரு முடிவு: கூடத்துச் சாயத்தில் பூவை நனைத்துக் கொண்டுபோகிறாள். (அவனா ஏமாறுவான்? இதழின் அடியைப் புரட்டிப் பார்ப்பவன்.)

இன்னொன்று: அண்ணன் சிரித்து, "போனா போகுது கழுதை, நீ அழாத" என்று… (இது எனக்கு வேண்டிய முடிவு. அவர்களுடையது இல்லை.)

கடைசியில் மஞ்சள் பூவோடேயே போனாள். தலையணையில் சாய்ந்தபடி அவன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு. யார் வீட்டுப் பூ?"

கதவருகே அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கை

இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும். அவள் வாயில் எந்தப் பதிலை வைத்தாலும் எனக்குப் பொய்யாய்ப் படுகிறது. நீங்கள் வைத்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டில் யாரும் இப்படியொரு பூவை ஏந்தி நிற்க நேராதிருக்கட்டும், கண்ணுகளா. நீங்கள் நட்டதெல்லாம் நட்ட நிறத்திலேயே பூக்கட்டும்.