கைப்பிடிக் கம்பியில் ஒரு நெளிவு

வீடியோ கேம் ரசிகர்கள் அவனுக்கு வைத்த பெயர் கழுகு. புதிய கேம் ஒன்றுக்கு டிரெய்லர் வந்துவிட்டால், கதை எப்படி, சண்டை எப்படி என்று ஊரே பேசும். கழுகுக்கு அதெல்லாம் வேண்டாம். நிழல் ஒழுங்காக விழுகிறதா, தலைமுடி காற்றில் அசைகிறதா, இல்லை தொப்பி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறதா, இதைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வதுதான் அவன் பிழைப்பு. கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டு டிவியில் நிறம் சரியில்லை என்று சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்ட ஆள். அவன் நடத்தும் யூடியூப் சேனலுக்கு மனைவிதான் எடிட்டர். ஆனாலும் அவன் கண்ணில் படாமல் அந்த அறையிலிருந்து ஒரு வரிகூட வெளியே போகாது.

அன்று காலை வந்த டிரெய்லரில் ஒரு பழைய மாளிகை, நீண்ட படிக்கட்டு. அதன் கைப்பிடிக் கம்பி நெளிவதைக் கழுகு பார்த்துவிட்டான். கம்ப்யூட்டருக்கு வேலையைக் குறைக்கச் சின்னப் படமாக வரைந்து, பெரிதாக இழுத்துக் காட்டினால் இப்படித்தான் நெளியும். சுடச்சுட எழுதிப் போட்டான்: 'இது கம்பியா, புழுவா?'

மத்தியானத்துக்குள் பதில்கள் குவிந்தன. எங்கே நெளிகிறது? எங்களுக்குத் தெரியவில்லையே. கழுகுக்கு வயதாகிவிட்டது. இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை அவன். ஆனால் கேம் நிறுவனத்திலிருந்து ஒருத்தி எழுதியிருந்தாள்: 'அந்தப் படிக்கட்டு நான் செய்தது. எந்த இடம் என்று சொன்னால் சரிசெய்துவிடுகிறேன்.' அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஆதாரம் காட்டியே ஆகவேண்டும்.

"ஏங்க, எந்த இடம்? எனக்கு நேராத்தானே தெரியுது," என்றாள் மனைவி.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு உனக்கு? நடுவுல பாரு. பெருசாக்கு."

பெரிதாக்கினாள். நெளிந்தது. இன்னும் பெரிதாக்கினாள். கம்பி திரையை அடைத்துக்கொண்டு நின்றது. நெளிவு மட்டும் முன்பிருந்த அளவிலேயே இருந்தது. படம் பெரிதானால் குறையும் கூடவே பெரிதாக வேண்டாமா?

"ஓடவிடாத. நிறுத்து."

"எப்பவோ நிறுத்திட்டேன். இது ஒத்தை பிரேம்."

நிறுத்திவைத்த படம் அசையாது. ரசிகர்களுக்கு அவன் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். கழுகு மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பினான். ஜன்னல் கம்பியும் நெளிந்தது.

கம்பியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். அவன் இடது கண்ணைத் தன் கையால் பொத்தினாள்.

"இப்ப என்னைப் பாருங்க. எப்படி இருக்கேன்?"

"நல்லாத்தான் இருக்க."

கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தினாள். "இப்ப?"

அவள் மூக்கு ஒரு பக்கமாக வளைந்திருந்தது. வாய் இருந்த இடத்தில் ஏதோ கலங்கலாக நின்றது. இத்தனை வருஷம் பார்த்த முகம். கழுகுக்கு அழுகை வந்துவிட்டது.

"பயமா இருக்கும்மா," என்றான்.

"கிளம்புங்க. கண்ணாஸ்பத்திரிக்கு இப்பவே போறோம்."

"இரு. அந்தப் பொண்ணு பாவம், இன்னும் கம்பியில குறை தேடிக்கிட்டு இருப்பா. நான் சொல்றதை எழுது. படிக்கட்டு நேராத்தான் இருக்கு. நெளிவு என் கண்ணுல. அதைச் செஞ்சவங்க என்னை மன்னிக்கணும்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் தட்டினாள். முடித்ததும் பழக்கதோஷத்தில் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"ஒரு தடவை பாத்துடுங்க."

கழுகு அதற்குள் எழுந்து, சுவரைப் பிடித்தபடி வாசலுக்குப் போய்விட்டிருந்தான்.

"நீ பாத்துட்டேல்ல, போதும். அனுப்பு. வண்டியையும் நீயே ஓட்டு."