பதினேழாவது இடைவெளி

ஸ்டீவனுக்கு வயிறு எரிந்தது. அதுவும் யாரைப் பார்த்து? தாலி கட்டிய சொந்தப் பெண்டாட்டியைப் பார்த்து!

கும்மிடிப்பூண்டியில் மிஷின்களுக்கு மரப்பெட்டி அடிக்கும் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாகத் தச்சுவேலை செய்கிறவன் அவன். ஹெலன் அங்கேயே பெட்டிகளை அளந்து பார்த்து முத்திரை குத்துகிறவள். லீவு நாளில் அவன் வெளிவேலையும் பிடிப்பான். சோழவரத்தில் நெல்வயல் வைத்திருக்கும் பரசுராமன், வீட்டுக்குப் பின்னால் வயலைப் பார்த்தாற்போல் உட்கார மேடைபோல் மர டெக் போட்டு, அதைச் சுற்றிக் கைப்பிடி அடிக்க அவனைத்தான் கூப்பிட்டார்.

டேப் பிடிக்க ஹெலனைக் கூட்டிப்போனது வினையாகிவிட்டது. அவள் கைப்பிடியைப் போனிலேயே வரைந்து காட்டினாள். பரசுராமனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து போன் எல்லாம் அவளுக்குத்தான். அவள் மேடம், இவன் வெறும் மேஸ்திரி. உளி பிடித்துக் காய்த்துப்போன கை யாருடையதாம்?

வரைபடத்தைப் பார்த்ததுமே தப்பு அவன் கண்ணில் பட்டது. தூணுக்குத் தூண் எட்டடி. நடுவில் இரண்டு இஞ்ச் அகலத்தில் பதினாறு ரீப்பர் சட்டங்கள் நிற்க வேண்டும். இடைவெளியையும் பதினாறு என்றே கணக்குப்போட்டு, நாலு நாலு இஞ்சாகப் பிரித்திருந்தாள். இரண்டு பக்கமும் தூண் நிற்கும்போது இடைவெளி ஒன்று கூடுதலாக வருமே!

"ஒரு தபா பாரேன், கணக்கு சரியாகீதா?" என்றாள் ஹெலன்.

சொல்லத்தான் வாயெடுத்தான். அதற்குள் அவள் போன் அடித்தது. "சொல்லுங்க சார்" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்தாள். இவன் வாயை மூடிக்கொண்டான்.

"நீ போட்ட கணக்காச்சே, சரியாத்தான் இருக்கும்" என்றான், அவள் திரும்பி வந்ததும்.

படத்தில் இருந்தபடியே மேல்கட்டையிலும் கீழ்க்கட்டையிலும் துளை எடுத்தான். பரசுராமன் எதிரில் அவள் அசிங்கப்பட வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

பொருத்துகிற நாளில் முதல் எட்டடியைத் தூக்கி நிறுத்தினார்கள். பதினைந்து ரீப்பர் அழகாக நின்றன. கடைசி ரீப்பர் மட்டும் தூணோடு ஒட்டிக்கொண்டு அசிங்கமாக நின்றது. பரசுராமன் நெற்றியைச் சுருக்கினார். ஸ்டீவனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

ஹெலன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "எம்மேல தப்பு சார். பதினேழு இடைவெளி வரணும், நான் பதினாறுன்னு போட்டுட்டேன். மூணே முக்கால் இஞ்சா கொறச்சி வேற படம் தரேன்."

கோபப்படுவார் என்று பார்த்தால், "தப்ப ஒத்துக்கவே ஒரு மனசு வேணும் மேடம்" என்றார் மனுஷர். அப்புறம் ஸ்டீவன் பக்கம் திரும்பினார். "இன்னா மேஸ்திரி, இதுக்கு மட்டும் முப்பத்திரண்டு தொளை போட்டுகீறியே, உன் கண்ணுக்கு ஒண்ணுமே தெரியலியா?"

ஹெலனும் அவனைப் பார்த்தாள். கால் இஞ்ச் கோணலைப் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுகிற ஆள் அவன். அது அவளுக்குத் தெரியாதா? இப்போது அவளுக்கு எல்லாமே விளங்கிவிட்டது.

தெரியும் என்றால் பெண்டாட்டியைக் கவிழ்க்கப் பார்த்தவன். தெரியாது என்றால் தொழில் தெரியாதவன்.

"கவனிக்கல சார்" என்றான் ஸ்டீவன்.

"இனிமே கட்டைல கை வைக்கிறதுக்கு மின்ன மேடத்தக் கேட்டுக்கோ."

ஹெலன் அவனுக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"சரி சார்" என்றான்.