பெரிய கண்கள்

"இன்னைக்குன்னு பாத்தா கண்ணுல மருந்து விட்டுக்கிட்டு வருவே?" என் தங்கையின் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள் அம்மா. கன்னத்தில் சிவந்து கிடந்த தடிப்பின் மேல் மறுபடியும் பவுடர் ஏறியது.

"ஆஸ்பத்திரியில இன்னைக்குத்தாம்மா தேதி குடுத்தாங்க." என்றாள் தங்கை. " போன தடவையும் பொண்ணு பாக்க வராங்கன்னுதான் தள்ளிப்போட்டோம்."

"ஊசியில நூல் கோக்கறே. கண்ணுக்கு என்னடி கேடு?"

தங்கைக்கு லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். வீட்டில் அதற்கு அலர்ஜி என்று பெயர். வெளியே அந்தப் பெயரும் கிடையாது. பின்னால் அவளைக் கொண்டுபோனது சிறுநீரகம். அன்றைக்குக் கண்தான் கவலை.

மத்தியானம் கண் ஆஸ்பத்திரியில் விழித்திரையைப் படமெடுத்த பெண் எங்களுக்குத் திரையில் காட்டியிருந்தாள். "பார்வை மங்கறதுக்கு முன்னாடியே இதுல தெரிஞ்சிடும். இந்த ரத்தக்குழாய் சுருங்க ஆரம்பிச்சிருக்கு. நல்லவேளை, ஆரம்பத்துலயே தெரிஞ்சுது. டாக்டர் மருந்தை மாத்துவார். மூணு மாசத்துல மறுபடி வாங்க. தள்ளிப்போட்டா கண்ணு போயிடும்."

வீட்டுக்கு வந்து நான் இதைச் சொன்னபோது அம்மா, "கல்யாணம் முடியட்டும், அவங்க காட்டிக்குவாங்க" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு அவள் நிறம் எடுப்பாகத் தெரியவேண்டும் என்று கூடத்து விளக்குகள் எல்லாம் எரிந்தன. மருந்தில் விரிந்த கண்களுக்குள் வெளிச்சம் குத்தியது. தண்ணீர் வழியாமல் பார்த்துக்கொண்டு தங்கை உட்கார்ந்திருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா அவள் முகவாயை நிமிர்த்தினார். "அடேயப்பா, எவ்வளவு பெரிய கண்ணு! கருகருன்னு! போட்டோவுல இப்படித் தெரியலையே."

"எங்க பக்கத்து வாகு" என்றாள் அம்மா, கூசாமல்.

"இல்லீங்க" என்றாள் தங்கை. "மருந்து விட்டிருக்கு. நாளைக்குச் சின்னதாயிடும். எனக்கு லூபஸ். கண்ணுக்குள்ள ரத்தக்குழாய் சுருங்குது. மூணு மாசத்துல திரும்பப் போகணும். கல்யாணம் ஆனாலும் போவேன்."

மாப்பிள்ளை தன் கால் விரல்களைப் பார்த்தான். அவன் அம்மா, முகவாயைத் தொட்ட விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நல்லவேளை, ஆரம்பத்துலயே தெரிஞ்சுது" என்றார்.

வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியது. அம்மா கத்துவாள் என்றுதான் நினைத்தேன். அவள் எழுந்துபோய் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள்.

"இப்பக் கூசலையே?" என்று கேட்டாள், இருட்டில்.